எதைத் தேடி வந்தார்கள்?

எழுதுவோம் இணையத்தில் – 12

புதிதாக வலைப்பூ தொடங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் செல்பேசியை எடுத்துப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். நேற்று 38 பார்வைகள், இன்று 61 என்றால் மனம் குளிர்ந்துபோகும். மறுநாள் 29 என்று காட்டினால் அன்றைக்கு எழுதவே கை வராது. நன்றாக எழுதக்கூடிய பலர் இந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பார்த்தே சோர்ந்துபோய்ப் பதிவு போடுவதை விட்டிருக்கிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது புள்ளிவிவரத்திலேயே மிகக் குறைவாகப் பயன்படும் பகுதி. எழுத்துக்கு உதவுகிற பகுதியை அவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கடந்த சில வாரங்களில் தளம் அமைப்பது, தலைப்பு வைப்பது, படம் சேர்ப்பது பற்றிப் பேசினோம். இந்த வாரம் வாசகர் எண்ணிக்கை. மாதத்துக்குச் சில நூறு பேர், அதிகம் போனால் இரண்டு மூவாயிரம் பேர் வந்துபோகும் சின்ன வலைப்பூவுக்கு இந்த எண்களால் என்ன பயன், இவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பார்ப்போம்.

எண்ணப்படுவது எது?

'உங்கள் தளத்துக்கு எத்தனை ஹிட்ஸ்?' என்று இன்றும் கேட்கிறார்கள். ஹிட் என்பது சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும். 10 படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால் பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து என 11 ஹிட்ஸ் விழும். 1990களில் தளங்கள் லட்சக் கணக்கில் ஹிட்ஸ் காட்டியதன் சூட்சுமம் இதுதான். அந்தச் சொல்லை நாம் மறந்துவிடலாம்.

அடுத்தது பார்வை, அதாவது பேஜ் வியூ. ஒரு பக்கம் ஒருமுறை திறக்கப்பட்டால் ஒரு பார்வை. ஒருவரே 5 பதிவுகளைப் படித்தால் 5 பார்வைகள். வருகை, அதாவது செஷன், ஒருவர் ஒரு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது. கூகுள் அனலிட்டிக்ஸ் கணக்குப்படி 30 நிமிடம் எந்தச் செயலும் இல்லையென்றால் அந்த வருகை முடிந்துவிட்டது. கடைசியாக யூசர். இதை நாம் ஓர் ஆள் என்று எண்ணிவிடுகிறோம். ஒரே ஆள் அலுவலகக் கணினியிலும் செல்பேசியிலும் படித்தால் பொதுவாக இரண்டு யூசர்களாகப் பதிவாவார். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரே டேப்லெட்டில் படித்தால் மூவரும் சேர்ந்து ஒரு யூசர்.

இந்தக் கணக்கை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சர்வரே எழுதிவைக்கும் பதிவேட்டைப் படிப்பது. 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் எழுதிய அனலாக் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைத்தான் செய்தது. இரண்டாவது வழி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு நிரல்துண்டை ஒட்டிவைப்பது. பக்கம் திறந்ததும் அது வேறொரு நிறுவனத்தின் கணினிக்குத் தகவல் அனுப்பும். 1999இல் அயர்லாந்தில் தொடங்கிய ஸ்டாட்கவுண்டர் இந்த வகை. 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. அதன் மென்பொருளை அடிப்படையாக வைத்து அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாக வெளியிட்டது. ப்ளாகர் தளத்துக்குள்ளேயே புள்ளிவிவரப் பக்கம் வந்தது 2010இல். பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது இருப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4.

இரண்டு வழிகளும் ஒரே எண்ணைத் தருவதில்லை. பதிவேட்டில் மனிதர்களோடு தேடுபொறிகளின் ரோபோக்களும் வரிசை கட்டி நிற்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ரோபோக்களும் சேர்ந்துகொண்டுள்ளன. நிரல்துண்டு வழியில் பெரும்பாலான ரோபோக்கள் விடுபட்டுவிடும். ஆனால் விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கும் மனிதர்களும் கூடவே விடுபடுவார்கள். ஆகவே ப்ளாகர் காட்டும் எண்ணும் அனலிட்டிக்ஸ் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருடக் கணக்கில் அதையே பாருங்கள். ப்ளாகர் வைத்திருப்பவர்கள் சொந்தப் பார்வைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற அமைப்பையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். நம் பக்கத்தை அதிகம் திறந்து பார்ப்பவர் நாமாகத்தான் இருப்போம்.

பதிவேட்டின் ஒரு வரி

சொந்த ஹோஸ்டிங் வைத்திருப்பவர்கள் சர்வர் பதிவேட்டை ஒருமுறையாவது இறக்கிப் பாருங்கள். சிபேனல் இருந்தால் 'ரா ஆக்சஸ்' என்ற பகுதியில் கிடைக்கும். முதலில் மிரட்சியாக இருக்கும், ஆனால் ஒரு வரியின் கட்டமைப்பு எளிது. வந்தவரின் ஐபி எண், தேதி, நேரம், கேட்ட பக்கத்தின் முகவரி, அதற்குச் சர்வர் சொன்ன பதில், அனுப்பிய பைட்டுகள், எந்தத் தளத்திலிருந்து வந்தார், என்ன உலாவி. பதில் 200 என்றால் பக்கம் கிடைத்தது. 301 என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டார். 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை.

மாடித்தோட்டம் பற்றி எழுதும் ஒரு வலைப்பூவை எடுத்துக்கொள்வோம். இரவு 11:40க்கு ஒரு வரி. ஆண்ட்ராய்டு செல்பேசியில் க்ரோம் உலாவி; கூகுளிலிருந்து வந்திருக்கிறார்; கறிவேப்பிலைச் செடி பற்றிய பதிவைக் கேட்டிருக்கிறார்; பதில் 200. அடுத்த வினாடிகளில் அதே ஐபி எண்ணுக்கு அந்தப் பக்கத்தின் படங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. 11:46க்கு அதே எண்ணிலிருந்து மீண்டும் ஒரு கோரிக்கை. பதிவின் கடைசியில் இருந்த 'மண்கலவை தயாரிப்பது எப்படி' என்ற இணைப்பைத் தொட்டிருக்கிறார். பதில் 404. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்த வரியும் இல்லை.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் தூங்கப் போகும் நேரத்தில் தன் செடிக்காகத் தேடி வந்திருக்கிறார். ஆறு நிமிடம் படித்திருக்கிறார். மேலே தெரிந்துகொள்ள விரும்பி இணைப்பைத் தொட்டபோது உடைந்த முகவரி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றைய மொத்தப் பார்வை 38 என்பதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அந்த 404ஐ இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். நாளை வருபவருக்கு மண்கலவை கிடைத்துவிடும். பதிவேடு பார்க்க முடியாத ப்ளாகர்காரர்கள், தங்கள் பதிவுகளில் உள்ள இணைப்புகளை மாதம் ஒருமுறை தாங்களே தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எண்கள் எங்கே ஏமாற்றும்?

முதலாவது, ஏற்ற இறக்கம். சராசரியாக நாளுக்கு 40 பேர் வரும் தளத்தில், எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு நாள் 28 பேரும் இன்னொரு நாள் 52 பேரும் வரலாம். சராசரியின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். சராசரிக்கு மேலும் கீழும் அந்த அளவுக்கு எண் ஆடுவது தற்செயலாகவே நடக்கக்கூடியது என்பது புள்ளியியலின் எளிய கணக்கு. 40க்கு அது ஏறத்தாழ 12 அல்லது 13. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மகிழ்வதும் வருந்துவதும் வீண் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். '50 சதவீதம் உயர்வு' என்று திரை பச்சை அம்புக்குறி காட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள். 40 பேர் 60 ஆனாலும் 50 சதவீதம்தான். யாரோ ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்தாலே அந்த உயர்வு வந்துவிடும்.

இரண்டாவது, வந்த வழி. வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்பைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' என்ற தலைப்பின் கீழ் விழுவார்கள். நேரடியாக முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்களும் அதே கூடையில்தான். தமிழ் வாசகர்களிடையே வாட்ஸ்அப் பகிர்வுதான் எவ்வளவு அதிகம் என்று நமக்குத் தெரியும். அதனால் 'டைரக்ட்' பெருத்திருந்தால், உங்கள் எழுத்தை யாரோ யாருக்கோ கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஊர். ஐபி எண்ணை வைத்து ஊகிக்கப்படும் ஊர் அடிக்கடி தவறும். செல்பேசி இணையத்தில் பலர் ஒரே ஐபி எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தஞ்சாவூரில் படிப்பவரைச் சென்னை என்று காட்டக்கூடும். நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊரை நம்ப வேண்டாம். சம்பந்தமே இல்லாத நாட்டிலிருந்து ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பார்வை வந்தால் அது ரோபோதான். 'எங்கிருந்து வந்தார்' பட்டியலில் அறிமுகமில்லாத விசித்திர முகவரி தெரிந்தால் அதைத் தொட்டுப் பார்க்காதீர்கள். உங்களை அங்கே வரவழைப்பதற்காகவே அந்த முகவரியை உங்கள் பட்டியலில் விதைத்திருப்பார்கள்.

நான்காவது, படித்த நேரம். பழைய அனலிட்டிக்ஸ், ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் இடைவெளியை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டது. ஒரே பதிவை ஏழு நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு மூடிச் சென்றவருக்கு அது பதிந்த நேரம் சுழியம். 'பவுன்ஸ்' என்று அவரைத் தோல்விக் கணக்கிலும் சேர்த்தது. சமையல் குறிப்போ செடி வளர்ப்போ எழுதுபவர்களின் பதிவில் வாசகர் செய்வதே அதுதானே? வந்தார், படித்தார், போய்விட்டார். ஜிஏ4 இதைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறது. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கங்கள் பார்த்தாலோ அதை ஈடுபாடுள்ள வருகையாகக் கொள்கிறது. 10 வினாடியில் ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியாது என்பதால் அதற்கும் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

வாசகரின் கேள்விகள்

இனி எழுத்துக்கு உண்மையிலேயே உதவும் பகுதிக்கு வருவோம். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்தைச் சேர்த்து, அது உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யுங்கள். ஒரு காலத்தில் எந்தச் சொல்லைத் தேடி வாசகர் வந்தார் என்பது அனலிட்டிக்ஸிலேயே தெரிந்தது. 2011 அக்டோபரிலிருந்து கூகுள் அதைப் படிப்படியாக மறைக்கத் தொடங்கியது. 2013இல் அநேகமாக முழுவதும் மறைந்துவிட்டது. இன்று அந்தச் சொற்களைப் பார்க்கக் கன்சோல்தான் வழி.

அதில் நான்கு எண்கள் இருக்கும். க்ளிக், தேடலிலிருந்து உங்கள் பக்கத்துக்கு வந்தவை. இம்ப்ரெஷன், தேடல் முடிவுகளில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள். மூன்றாவது, இரண்டுக்கும் உள்ள விகிதம். நான்காவது, முடிவுகளில் உங்கள் சராசரி இடம். இவற்றுக்குக் கீழே உள்ள தேடல் சொற்களின் பட்டியல்தான் பொக்கிஷம். அனுபவமுள்ள மளிகைக் கடைக்காரர் கல்லாவை மட்டும் எண்ணுவதில்லை. வந்து கேட்டு, இல்லையென்று திரும்பிப்போன சரக்கையும் குறித்துவைப்பார். இந்தப் பட்டியல் அந்தக் குறிப்பு.

நம் மாடித்தோட்டப் பதிவுக்கே திரும்புவோம். பதிவர் ஆசையாக 'என் பச்சைத் தோழி' என்று தலைப்பு வைத்திருக்கிறார். பட்டியலில் இருப்பதோ 'கறிவேப்பிலை செடி வளர என்ன செய்ய வேண்டும்', 'கருவேப்பிலை இலை மஞ்சள் ஆகிறது', 'கறிவேப்பிலை செடி வெள்ளை பூச்சி'. இதே கேள்விகள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழாகவும் வந்திருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். குரல்வழித் தேடல் பரவிய பிறகு, வாய்விட்டுக் கேட்பதைப் போன்ற முழு வாக்கியங்களும் வருகின்றன.

இம்ப்ரெஷன் நிறைய, க்ளிக் சொற்பம் என்றால் பக்கம் கண்ணில் பட்டும் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். தலைப்பைப் பாருங்கள். 'என் பச்சைத் தோழி' என்ற தலைப்பில் கறிவேப்பிலை எங்கேயும் இல்லை. 'தொட்டியில் கறிவேப்பிலை: என் பச்சைத் தோழி வளர்ந்த கதை' என்று மாற்றினால் ஆசையும் கெடாது, தேடுபவருக்கும் புரியும். சராசரி இடம் 8 முதல் 20க்குள் இருக்கும் சொற்கள் அடுத்த கவனத்துக்குரியவை. முதல் பக்கத்தின் வாசல்வரை வந்துவிட்ட பதிவுகள் இவை. அந்தக் கேள்விக்குப் பதிவில் முழுப் பதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, விடுபட்டதைச் சேர்க்க வேண்டும். இலை மஞ்சளாவது பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், தொட்டியில் நீர் தேங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் படத்தோடு விளக்குங்கள். பதிவில் இடமே இல்லாத கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா? அதுதான் உங்கள் அடுத்த பதிவு. 'எதைப் பற்றி எழுதுவது?' என்று திகைத்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களை அந்தரங்கம் கருதிக் கூகுள் பட்டியலில் காட்டாது. அதனால் பட்டியலில் உள்ள க்ளிக்குகளைக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாகவே வரும். மற்றொன்று, கன்சோல் 16 மாத விவரத்தை மட்டுமே வைத்திருக்கும். அதற்குமேல் வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்த 16 மாதத்தில் ஒரு வசதியும் உண்டு. இந்த மாதத்தைக் கடந்த மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடலாம். விதை பற்றிய பதிவு ஆடிப்பட்டத்தில் ஓடும், மற்ற மாதங்களில் தூங்கும். ஆவணியில் இறங்கிவிட்டதே என்று பதிவர் பதறக் கூடாது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்

ப்ளாகரில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி 'ப்ளாக்-போஸ்ட்' என்றும், அடுத்தடுத்த பதிவுகளுக்கு அதன் பின்னால் ஓர் எண்ணோடும் அமைந்துவிடும். முகவரியாகக் காட்டும் அறிக்கைகளில் எது கறிவேப்பிலை, எது தக்காளி என்று தெரியவே தெரியாது. வேர்ட்பிரஸில் வேறு விதமான தொல்லை. முகவரியில் தமிழ் எழுத்து போனால் அது சதவீதக் குறிகளோடு கூடிய குறியீடாக மாறும். 'க' என்ற ஒரே எழுத்துக்கு 9 குறியீடுகள். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறியீடு என்பதால் நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டப்படும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் முழத்துக்கு நீளும். அந்த நீளத்தைப் பார்த்தே தொடத் தயங்குவார்கள். பதிவை வெளியிடும் முன்பே, முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களில் நீங்களே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வெளியான பழைய பதிவுகளின் முகவரியை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் பகிரப்பட்ட இணைப்புகள் 404 ஆகிவிடக்கூடும்.

எண்ணுக்காக எழுத வேண்டாம்

ஓர் அளவுகோலையே இலக்காக வைத்துக்கொண்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பது நின்றுவிடும் என்ற கருத்து, 1975இல் அதை முன்வைத்த பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. பார்வை எண்ணிக்கையே குறி என்று ஆகிவிட்டால் ஒரே கட்டுரையை ஐந்து பக்கமாக வெட்டத் தோன்றும். 'அதிர்ச்சி' என்று தலைப்பு வைக்கத் தோன்றும். எண் ஏறும், வாசகர் ஒருமுறை ஏமாந்து அடுத்த முறை வராமல் போவார். 2018இல் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழுக்கு வந்த பிறகு, பார்வைக்கும் பணத்துக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. சின்ன வலைப்பூவுக்கு அந்த வருமானம் பெரும்பாலும் ஹோஸ்டிங் செலவுக்கே போதாது. அதை நம்பி எழுத்தின் போக்கை மாற்றிக்கொள்வது நஷ்டக் கணக்கு.

தமிழ் வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாக வாசகர்கள் வந்தார்கள். பதிவு போட்ட சில மணி நேரத்தில் கூட்டம் வரும், திரட்டியின் முகப்பைவிட்டு நகர்ந்ததும் கலைந்துவிடும். இன்று சின்னப் பதிவருக்குத் தேடல் வழியாக வரும் வாசகர் அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய பதிவுக்கு இன்று ஒருவர் வருவார். அதனால் புதிய பதிவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைப் பழைய பதிவைச் சீர்படுத்தவும் ஒதுக்க வேண்டும். மாறிப்போன விலை, மூடப்பட்ட அலுவலகம், உடைந்த இணைப்பு ஆகியவற்றைத் திருத்தி, திருத்திய தேதியையும் போடுங்கள்.

வாசகரைப் பற்றித் தேவைக்கு மேல் சேகரிக்கவும் வேண்டாம். எந்தப் பதிவைப் படித்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குமேல் நமக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. குக்கி வைக்காமலே இந்த அளவைத் தரும் ப்ளாசிபிள், கோட்கவுண்டர் போன்ற சேவைகள் இருக்கின்றன.

நான் சொல்லும் நடைமுறை எளிது. புள்ளிவிவரச் செயலியைச் செல்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கன்சோலைத் திறந்து கடந்த மூன்று மாதத் தேடல் சொற்களில் பத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, உங்கள் பதிவு அதற்குப் பதில் சொல்கிறதா இல்லையா என்று குறியுங்கள். பதில் சொல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே அந்தப் பதிவைத் திருத்துங்கள். இதை ஒரு வருடம் செய்யுங்கள். பன்னிரண்டு கேள்விகளுக்கு முழுப் பதில் உங்கள் தளத்தில் இருக்கும். தமிழில் தேடுபவர்களுக்குத் தமிழில் நல்ல பதில் இன்னும் போதுமான அளவு கிடைப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உங்களாலும் முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.

(தொடரும்)